பழைய மெர்சிடிஸும் அறுந்துபோன அட்டவணையும்

பழைய சொகுசுக் காரைப் பற்றிக் கிள்ளான் பள்ளத்தாக்கில் இரண்டு பேச்சுகள் உலவுகின்றன. ஜெர்மன்காரன் செய்தது சாகாது என்பது ஒன்று. வாங்கிவிடலாம், கட்டி மாளாது என்பது மற்றொன்று. பல நேரம் இரண்டையும் ஒரே மெக்கானிக் ஒரே மூச்சில் சொல்வார். காரணம், இரண்டுக்கும் சான்று அவர் பட்டறையிலேயே நிற்கும். 1980களில் வந்த மெர்சிடிஸ் ஒன்று மூன்றாவது தலைமுறை உரிமையாளரைப் பார்த்துவிட்டு எண்ணெய் மாற்ற மட்டும் வந்திருக்கும். அதே நிறுவனத்தின் பதினைந்து ஆண்டு இளைய கார் ஒன்று நாலு மூலையும் தாழ்ந்து தரையோடு படுத்திருக்கும். அந்தக் காலத்தில் உறுதியாகச் செய்தார்கள், பிறகு கணக்குப் பார்ப்பவர்கள் வந்து கெடுத்தார்கள் என்பது வழக்கமான விளக்கம். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதிதான். மீதியைத் தேட கார்க் கடைகளைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு பிரிக்பீல்ட்ஸின் ரயில் வரலாற்றிலிருந்து தொடங்குவது நல்லது. இயந்திரத்தின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் ஆயுள் உண்டு என்பதை ஒப்புக்கொண்டு, அது முடியுமுன் மாற்றிவிடும் ஏற்பாடு இருக்கும்வரை எந்த இயந்திரமும் நம்பத்தக்கதுதான். அந்த ஏற்பாடு அறுந்தால் எந்தப் பெயர்ப்பலகையும் காப்பாற்றாது. பழைய சொகுசுக் காரின் கதை அந்த அட்டவணை எங்கெங்கே அறுந்தது என்பதன் கதை.

1881இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கியபின், மரமும் அத்தாப்பும் வேண்டாம், செங்கல்லால் கட்டுங்கள் என்று உத்தரவு வந்தது. அதற்கான சூளைகள் எழுந்த இடம் என்பதால்தான் பிரிக்பீல்ட்ஸுக்கு அந்தப் பெயர். சூளைகள் போய், ரயில் வந்தது. 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளான் பக்கத்தையும் இணைத்த பாதை திறந்தபின், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வேயின் ஊராகவே வளர்ந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணிகள், தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள், ‘ஹன்ட்ரட் குவார்ட்டர்ஸ்’ என்று பெயர்பெற்ற வீட்டு வரிசைகள் எல்லாம் ரயிலைச் சுற்றியே அமைந்தன. பழுது பார்க்கும் பெரிய வேலை செந்தூல் பட்டறையில் நடந்தது. நீராவி எஞ்சினைப் பராமரிப்பதில் ஒரு விதி இருந்தது: கெட்டுப்போகும்வரை காத்திருக்கக் கூடாது. கொதிகலனை இத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும், குழாய்களைச் சோதிக்க வேண்டும், இத்தனை மைல் ஓடினால் முழுவதுமாகப் பிரித்துக் கட்ட வேண்டும். எஞ்சின் நன்றாக ஓடுகிறதா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை, நாள் வந்தால் பட்டறைக்குள் போக வேண்டியதுதான். எஞ்சினைவிடப் பதிவேடு முக்கியம். ரயில் பொதுச் சொத்தாகவும் பெரிய நிறுவனமாகவும் இருந்ததால் இது கட்டுப்படியானது. தனி மனிதர் ஒருவர் தன் காருக்கு இப்படிச் செய்வாரா என்பது வேறு கேள்வி. அதற்குப் பிறகு வருவோம்.

கார் வியாபாரம் இதே நகரத்தில் வேறொரு தெருவில் பிறந்தது. 1899இல் சுவா சகோதரர்கள் ஹை ஸ்திரீட்டில், அதாவது இன்றைய ஜாலான் துன் எச்.எஸ். லீயில், சில்லறைச் சாமான் கடையாகத் தொடங்கியதுதான் பிறகு சைக்கிள் அண்ட் கேரியேஜ் ஆனது. 1951இல் மலாயாவில் மெர்சிடிஸ் பென்ஸ் விற்கும் உரிமை அந்த நிறுவனத்துக்குக் கிடைத்தது. கார் என்ற பொருளோடு இங்குள்ள தமிழர்களின் உறவு அதற்கும் பழையது. டயர்களுக்கு ரப்பர் தேவைப்பட்டதால்தான் தோட்டங்கள் பெருகின, பால் வெட்ட ஆள் தேவைப்பட்டது, கப்பல்கள் ஏறி வந்தார்கள். உலகத்தின் கார்கள் எந்த ரப்பரில் உருண்டனவோ அதை வெட்டியவர்களுக்கு நெடுங்காலம் கார் என்பது துரையின் பங்களா வாசலில் நிற்கும் பொருள்தான். துரையின் காருக்கும் கம்பெனி முதலாளியின் காருக்கும் ஒரு டிரைவர் இருந்தார். தினமும் எண்ணெய் பார்ப்பதும், சத்தம் மாறினால் கண்டுபிடிப்பதும், குறித்த மைலில் விற்பனையாளரின் பட்டறைக்குக் கொண்டுபோவதும் அவர் வேலை. பில் கம்பெனி கணக்கில் போகும். சொகுசுக் கார் உறுதியானது என்ற பெயர் இந்த முதல் உரிமையாளரின் காலத்தில் உருவானது. காருக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அந்த டிரைவருக்கும் அவர் கையிலிருந்த சர்வீஸ் புத்தகத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு. பெயர் மட்டும் காருக்குப் போய்விட்டது.

இதற்கு நல்ல சான்று வாடகைக் கார்கள். 1960களிலிருந்து 80கள்வரை மலேசியாவில் ஊர் விட்டு ஊர் போகும் டாக்சி என்றாலே டீசல் மெர்சிடிஸ் என்ற நிலை இருந்தது. 1976இல் கோலாலம்பூரின் புடுராயா பேருந்து, டாக்சி நிலையம் திறந்தது. அதே ஆண்டில்தான் மெர்சிடிஸின் டபிள்யூ123 என்ற வகையும் உலகச் சந்தைக்கு வந்தது. அமைச்சர் ஏறிய காரின் உடன்பிறப்பில் நான்கு பயணிகள் பங்குபோட்டு ஈப்போவுக்கும் மலாக்காவுக்கும் போனார்கள். அந்த டீசல் எஞ்சினில் தீப்பொறி எழுப்பும் ஏற்பாடே கிடையாது. ஸ்பார்க் பிளக் இல்லை, காயில் இல்லை, கணினி இல்லை. எரிபொருளைச் செலுத்தும் பம்ப்பும் முழுக்க இயந்திரவியலால் இயங்குவது. 2.4 லிட்டர் எஞ்சினே ஆரம்பத்தில் வெறும் 65 குதிரைத் திறன்தான் தந்தது, ஆகவே தன்னைத் தானே வருத்திக்கொள்ளவும் இல்லை. எளிய எஞ்சின் என்பதால்தான் அது நீடித்தது, பராமரிப்பு அட்டவணையைப் புகழ வேண்டியதில்லை என்று ஒருவர் சொல்லலாம். எளிமைக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதே எளிய எஞ்சின் வீட்டில் கவனிப்பாரின்றி நின்றபோது வால்வு இடைவெளி சரிசெய்யப்படாமல் திறனிழந்து, காலையில் கிளம்ப மறுத்து, பழைய இரும்புக்குப் போன கதைகளும் ஏராளம். டாக்சிக்காரருக்குக் கார் ஒருநாள் நின்றால் ஒருநாள் சோறு இல்லை. கூடவே, வாடகை வாகனங்களுக்கு அரசாங்கப் பரிசோதனை கட்டாயம். 1994க்குப் பிறகு புஸ்பாகோம் அதைச் செய்தது. பிழைப்பும் சட்டமும் சேர்ந்து ரயில் பட்டறையின் பதிவேட்டை டாக்சிக்குள் கொண்டுவந்தன. சொகுசுக் காரின் உறுதிக்கு டாக்சியைச் சான்று காட்டுகிறவர்கள் இந்தப் பதிவேட்டை மறந்துவிடுகிறார்கள்.

அட்டவணை முதலில் அறுவது கார் கை மாறும்போது. மலேசியாவில் கார்மீது விழும் வரிகள் கனமானவை. அவற்றைக் குறைக்க 1960களிலிருந்தே இங்கேயே பாகங்களைப் பொருத்தும் தொழிற்சாலைகள் எழுந்தன. 1967இல் ஷா ஆலாமில் வால்வோவுக்காக இயங்கத் தொடங்கிய சுவீடிஷ் மோட்டார் அசெம்பிளிஸ் அவற்றில் முதலாவது. மெர்சிடிஸ் பொருத்தும் வேலை பின்னர் பகாங்கின் பெக்கானுக்குப் போனது. அப்படியும் புதுச் சொகுசுக் கார் பெரும்பணமாகவே இருந்தது. ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டு ஆனதும் அதன் விலை சரிந்துவிடும். வங்கிக் கடன் கிடைப்பது அரிதாகும், கையில் ரொக்கம் உள்ளவர் மட்டுமே வாங்க முடியும். ஆகவே, அன்று பங்களா விலையில் விற்ற கார் மைவி என்ற உள்நாட்டுச் சிறு காரின் புது விலைக்கும் கீழே வந்து நிற்கும். ஏமாற்றம் இங்கேதான் தொடங்குகிறது. காரின் விலை இறங்கியது, உதிரிப்பாகத்தின் விலை இறங்கவில்லை. அது காரின் புது விலைக்கு ஏற்பவே நிற்கிறது. ரோட் டெக்ஸ் கணக்கும் எஞ்சின் கொள்ளளவைப் பார்க்கிறதே தவிர உரிமையாளரின் சம்பளத்தைப் பார்ப்பதில்லை. தீபகற்ப மலேசியாவில் 2.3 லிட்டர் மெர்சிடிஸுக்கு ஆண்டுக்கு 680 ரிங்கிட் போல வரும் வரி, அதே உடலில் 3 லிட்டர் எஞ்சின் இருந்தால் 2,000 ரிங்கிட்டைத் தாண்டும். மூவாயிரம் சிசிக்கு மேலே ஒவ்வொரு சிசிக்கும் நாலரை ரிங்கிட். இரண்டாவது உரிமையாளர் சின்னச் சின்ன சர்வீஸைத் தள்ளிப்போடுகிறார், மூன்றாமவர் பெரிய வேலையைத் தள்ளிப்போடுகிறார். நான்காமவர் வாங்கும்போது கார் மட்டும் வருவதில்லை, இருவரும் கட்டாமல் விட்ட கடனும் சேர்ந்து வருகிறது.

அந்தக் கடன் எந்த உருவத்தில் வரும் என்பதற்கு 1984 முதல் 1990களின் நடுப்பகுதிவரை வந்த டபிள்யூ124 வகையை எடுத்துக்கொள்ளலாம். பழைய மெர்சிடிஸ் என்றதும் இங்கே பலர் நினைப்பது அதைத்தான். அதன் வழக்கமான வியாதிகள் எந்தப் பட்டறையிலும் மனப்பாடம். எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் அமுங்கிப்போய் ஸ்டியரிங் நடுங்கும். கியர்பாக்ஸையும் நீள் தண்டையும் இணைக்கும் ரப்பர் தட்டு வெடித்துத் தடதடக்கும். சஸ்பென்ஷன் புஷ்கள் நைந்து கார் மிதக்கும். எல்லாம் ரப்பர். ரப்பர் விற்ற காசில் வாங்கிய காரில் முதலில் சாவது ரப்பர்தான் என்பதில் ஒரு கேலி இருக்கிறது. ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் ஹெட் கேஸ்கெட்டின் ஓரத்தில் எண்ணெய் கசியும். நாலு சிலிண்டரில் வால்வு சீல் காய்ந்து காலையில் நீலப் புகை வரும். தானியங்கி கியர்பாக்ஸ் சூடானதும் ரிவர்ஸ் விழத் தயங்கும். பிறகு ஏர்கோண்ட். ஜெர்மனியில் அது கோடைக்கு மட்டும் வேலை செய்யும் வசதி. இங்கே ஆண்டு முழுவதும் முப்பது டிகிரிக்கு மேல் வெயில், கூடவே பிற்பகல் நெரிசல். குளிர்விக்கும் சுருள் ஈரத்தில் அரித்துக் கசியத் தொடங்கினால் அதை எடுக்க டாஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும். பாகத்தைவிடக் கூலி அதிகம். இதைக் கேட்பவர் பயந்துபோகலாம். ஆனால் நிதானமாகப் பார்த்தால், இந்தப் பட்டியலில் ஒன்றுகூட எதிர்பாராதது இல்லை. ரப்பர் எத்தனை ஆண்டில் காயும், சீல் எப்போது இறுகும் என்பது தெரிந்த கணக்கு. அன்றன்று மாற்றியிருந்தால் ஒவ்வொன்றும் நடுத்தரமான பில். எல்லாம் ஒரே உரிமையாளரின் தலையில் ஒரே ஆண்டில் விழுவதால்தான் கார் நம்பத்தகாதது ஆகிறது. தட்பவெப்பத்தின்மேல் பழி போடுவதும் பாதிதான் சரி. வெயில் வயரையும் ரப்பரையும் தின்கிறது, உண்மை. ஆனால் ஜெர்மனியில் பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு இங்கே இல்லை. அங்கே அடித்தகட்டை அரித்து முன் ஸ்பிரிங்கின் தாங்கியையே பிய்த்த துருநோய் இங்கே அந்த வேகத்தில் வருவதில்லை. ஒவ்வொரு ஊருக்கும் தனி அட்டவணை வேண்டும் என்றுதான் இதற்குப் பொருள்.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எந்த அட்டவணையாலும் தடுக்க முடியாத பழுதுகளைத் தயாரிப்பாளரே உள்ளே வைத்து அனுப்பினால் என்ன செய்வது? 1992, 93 முதல் 1995வரை வந்த பல மெர்சிடிஸ் எஞ்சின்களில் வயர் கட்டின் மேலுறை அப்படிப்பட்டது. மண்ணில் மக்கும்படி செய்த அந்த உறை எஞ்சினின் சூட்டிலேயே உதிர்ந்தது. வயர்கள் ஒன்றையொன்று தொட்டு, கார் நடுங்கும், மூச்சுத் திணறும், கியர் தடுமாறும், மோசமாகப் போனால் கணினிப் பெட்டியே எரியும். எத்தனை முறை எண்ணெய் மாற்றினாலும் இதற்கு மருந்தில்லை. மெர்சிடிஸ் மட்டுமல்ல, 1980களின் நடுவில் வந்த வால்வோ 240 கார்களுக்கும் இதே பெயர் உண்டு. பிறகு 1998இல் வந்த டபிள்யூ220இன் காற்றுச் சஸ்பென்ஷன்: ரப்பர் பை கசியும், அதை நிரப்ப ஓயாமல் ஓடும் கம்ப்ரசர் எரியும், காலையில் கார் படுத்திருக்கும். அடுத்து 2002இல் வந்த டபிள்யூ211இன் மின்னணு பிரேக்கில் மெர்சிடிஸ் 2004இல் உலகெங்கும் 680,000 கார்களைத் திரும்ப அழைத்தது, மறு ஆண்டு, ஓரளவு அதே காரணத்துக்காக, 13 லட்சத்தை. 2006இல் அந்த வகைக் காரில் அந்த அமைப்பையே கைவிட்டது. இவற்றைப் பார்த்தபின் பராமரிப்பு போதும் என்று சொல்ல முடியாது. வடிவமைப்பின் பிழை பிழைதான், அதை உரிமையாளரின் சோம்பலில் கரைக்கக் கூடாது. ஆனால் இங்கும் அட்டவணை என்ற எண்ணத்தைக் கைவிடத் தேவையில்லை, திருத்தினால் போதும். ரயில் பட்டறையில் ஒரு பாகத்தின் ஆயுள் புத்தகத்தில் எழுதியதைவிடக் குறைவு என்று தெரியவந்தால் புத்தகத்தை மாற்றுவார்கள். காற்றுப் பை பத்து ஆண்டு பாகம், இந்த வயர் கட்டு பத்து ஆண்டுகூடத் தாங்காத பாகம் என்று பட்டறைகள் அனுபவத்தில் கண்டுகொண்டன. அந்த அறிவு தயாரிப்பாளரின் கையேட்டில் ஏறவில்லை, மெக்கானிக்குகளின் வாய்வழியாகவே பரவியது. அதைக் கேட்டு வாங்கியவர்கள் தப்பித்தார்கள்.

தயாரிப்பாளர்களின் உண்மையான குற்றம் வேறு என்று எனக்குப் படுகிறது. 1990களின் நடுவில் அட்டவணையையே அழிக்கத் தொடங்கினார்கள். 1996இல் வந்த மெர்சிடிஸின் ஐந்து கியர் தானியங்கிப் பெட்டியில் நிரப்பிய எண்ணெய்க்கு ஆயுள் முழுவதும் மாற்றம் தேவையில்லை என்றார்கள். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியையும் உரிமையாளரின் கையிலிருந்து எடுத்தார்கள். பிறகு அவர்களே மனம் மாறி, குறித்த தூரத்தில் மாற்றச் சொன்னார்கள். பிஎம்டபிள்யூவும் தன் தானியங்கிப் பெட்டிகளுக்கு இதே வாக்குறுதியைத் தந்தது. அதன் அந்தக் கால எஞ்சின்களில் ரேடியேட்டர் கழுத்தும் தெர்மோஸ்டேட் மூடியும் பிளாஸ்டிக். சூடும் குளிர்ச்சியும் மாறி மாறிப் பட்டு ஒருநாள் உடையும், உடைந்த சில நிமிடங்களில் ஹெட் வளைந்துவிடும். ஆயுள் முழுவதும் என்றால் யாருடைய ஆயுள்? வாரண்டியின் ஆயுள், முதல் உரிமையாளரின் ஆயுள். அவருக்குச் செலவு குறைந்தது, சொகுசு என்பதன் பொருளே அதுதான் என்று விற்றார்கள். இரண்டாவது கைக்கு வந்தவரிடம் என்ன மாற்ற வேண்டும், எப்போது மாற்ற வேண்டும் என்று சொல்ல ஒரு தாள்கூட மிஞ்சவில்லை. டபிள்யூ123இன் கையேட்டில் வேலைகள் அதிகம், அதனால் கார் நீடித்தது. பிற்காலக் கையேட்டில் வேலைகள் குறைவு. கணக்குப் பார்ப்பவர்கள் கெடுத்தார்கள் என்ற பொதுப்பேச்சில் உள்ள உண்மை இதுதான். பாகத்தின் தரத்தில் மிச்சம் பிடித்ததைவிட, பராமரிப்பின் நினைவை அழித்ததே பெரிய கெடுதல்.

அறுந்த அட்டவணைக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கு தனக்கென்று ஒரு வழி கண்டது: ஹாஃப் கட். வெளிநாட்டில் கழித்துக் கட்டிய காரை நடுவில் வெட்டி, எஞ்சின், கியர்பாக்ஸ், வயர் கட்டு எல்லாவற்றோடும் முன்பாதியை இறக்குமதி செய்வது. ஜப்பானும் நம்மைப் போல இடதுபக்கம் ஓட்டும் நாடு, அங்கே கார்களைச் சீக்கிரம் கழிப்பார்கள். சிங்கப்பூரில் 1990இல் வந்த உரிமைச் சான்றிதழ் முறை பத்து ஆண்டில் நல்ல காரையும் சாலையிலிருந்து இறக்கியது. இப்படி வந்த பாகங்கள் கிள்ளானின் காப்பார், மேரு பக்கத்து முற்றங்களில் அடுக்கிக் கிடக்கும். புதுப் பாகத்தின் விலையில் ஒரு பகுதிக்குக் கிடைப்பதால் எத்தனையோ பழைய கார்களை அவை காப்பாற்றின, இதை நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் வெட்டி வந்த கியர்பாக்ஸுக்குச் சர்வீஸ் புத்தகம் கிடையாது. தெரிந்த நோயை எடுத்துவிட்டுத் தெரியாத வயதுள்ள ஒன்றை வைக்கிறோம், அடுத்த பழுது எப்போது என்று கணிக்கும் வாய்ப்பும் அதோடு போகிறது. 2009 அக்டோபரில் தேசிய வாகனக் கொள்கையைத் திருத்தியபோது அரசாங்கம் இரண்டு முனையிலும் கைவைத்தது. பயன்படுத்திய பாகங்களின் இறக்குமதியை நிறுத்தப்போவதாகச் சொன்னது. பதினைந்து ஆண்டு தாண்டிய கார்களுக்கு ரோட் டெக்ஸ் புதுப்பிக்கப் பரிசோதனை கட்டாயம் என்றது. ஏழைகளின் காரைப் பறிக்கும் திட்டம் என்று எழுந்த எதிர்ப்பில் பரிசோதனை சில நாட்களிலேயே கைவிடப்பட்டது. எதிர்ப்பாளர்களின் பக்கம் நியாயம் இருந்தது: பழைய கார் வைத்திருப்பவர் எல்லாரும் பழைய மெர்சிடிஸ்காரர் இல்லை, பெரும்பாலோர் வேறு வழியில்லாதவர்கள். அதோடு, பரிசோதனை என்பது பராமரிப்பு ஆகாது. அது அன்றைய நாளின் நிலையைச் சொல்லும், நாளை எது முறியும் என்பதைச் சொல்லாது.

சரி, இவ்வளவு பேச்சுக்குப் பதிலாக உள்நாட்டுக் கார் வாங்கினால் தீர்ந்தது என்பார்கள். சாதாரண உள்நாட்டுக் காருக்கு அது சரியான அறிவுரை, அதில் வாதமில்லை. ஆனால் சொகுசுக்கு உள்நாட்டு விடையாக வந்த புரோட்டோன் பெர்டானாவின் அனுபவம் யோசிக்க வைக்கிறது. மிட்சுபிஷி எட்டர்னாவை அடிப்படையாகக் கொண்டு 1995இல் வந்த அந்தக் காரும், பிறகு வந்த அதன் வி6 வகையும் அரசாங்க வாகனமாக நாடெங்கும் ஓடின. 2008இல் திரங்கானு மாநில அரசு, பெர்டானாவின் பழுதுச் செலவு தாங்கவில்லை என்று சொல்லி 14 மெர்சிடிஸ் இ200 வாங்கியது பெரும் சர்ச்சையானது. மக்கள் வரிப்பணத்தில் மெர்சிடிஸா என்ற கோபம் இயல்பானது. அந்த முடிவை நான் நியாயப்படுத்தவில்லை. அதில் ஒளிந்திருந்த செய்தி மட்டும் கவனிக்கத்தக்கது: விற்பனையாளரும் பாகமும் அருகிலேயே இருக்கும் உள்நாட்டுக் காரும், கனமான தானியங்கிக் கியர்பாக்ஸும் வி6 எஞ்சினும் ஏறியவுடன் சொகுசுக் காரின் செலவைக் கேட்கத் தொடங்கியது. பெயர்ப்பலகை எதுவானாலும் பாகங்கள் தங்கள் கணக்கைத் தாங்களே போடுகின்றன.

ஆகவே பழைய சொகுசுக் கார் வாங்கப் போகிறவர் மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் என்று முதலில் கேட்பது வீண். அந்த எண் திருத்தப்பட்டிருக்கலாம், சரியாகவே இருந்தாலும் அதிகம் சொல்லாது. கேட்க வேண்டியது பில்களை. ரப்பர்கள் எப்போது மாறின, ஏர்கோண்ட் சுருள் மாறியதா, கியர்பாக்ஸ் எண்ணெய் எந்த ஆண்டில் மாறியது என்பதைத் தாளில் காட்ட முடிந்தால் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரும் வாங்கத் தகுந்தது. காட்ட முடியாவிட்டால் எண்பதாயிரம் ஓடியதாகச் சொல்லும் காருக்கும் விலையில் பாதியைப் பழுதுக்கு ஒதுக்கிவிட்டுத்தான் பேச வேண்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடாவும் வேறு பல பகுதிகளும் வெள்ளத்தில் மூழ்கியபின் இதில் இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும், பின்பெட்டியின் ஓரங்களில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று தேட வேண்டும். பிற்காலக் கார்களின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் பல அங்கேதான் ஒளிந்திருக்கின்றன. 1992 முதல் 95வரையிலான மெர்சிடிஸ் என்றால் வயர் கட்டில் ஒட்டியிருக்கும் சின்ன லேபிளைத் தேடுங்கள். தயாரித்த மாதமும் ஆண்டும் அதில் இருக்கும். அந்தத் தேதி காரின் வயதைவிட இளையது என்றால் யாரோ ஒருவர் ஏற்கெனவே மாற்றியிருக்கிறார். காரின் வயதேதான் அதற்கும் என்றால், அந்த மாற்றத்தின் செலவை விலையிலிருந்து கழித்துக் கேளுங்கள்.